சிரை அழற்சி: நோயை அறிந்த வரலாறும் மருந்து வந்த வழியும்

மனித உடலில் ஓடும் இரத்தத்திற்குப் போக்கு ஒன்று, வரவு ஒன்று என இரண்டு பாதைகள் உண்டு. இதயத்திலிருந்து உறுப்புகளுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனி என்றும், உறுப்புகளிலிருந்து அதனைத் திரும்ப இதயத்திற்குக் கொணரும் குழாய்களைச் சிரை என்றும் நூலோர் வழங்குவர். தமனியில் ஓடும் இரத்தத்தை இதயமே உந்தித் தள்ளுகிறது. சிரையில் ஓடும் இரத்தத்திற்கு அத்தகைய நேரான உந்துதல் இல்லை. பாதத்திலிருந்து மார்பு வரை அது மேல்நோக்கி ஏறி வருதல் வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து சிரைகளைப் பிழிகின்றன; பிழியப்பட்ட இரத்தம் மேலே செல்கிறது. மேலே சென்றது மீண்டும் கீழே இறங்கிவிடாதபடி, சிரைகளின் உட்புறத்தில் ஒருபக்கமே திறக்கும் சிறு கதவுகள் அமைந்திருக்கின்றன. தசையின் உழைப்பும் கதவுகளின் காவலும் சேர்ந்தே இவ்வேற்றத்தை நடத்துகின்றன எனலாம்.

இவ்வேற்பாடு பழுதுபடும்போது தோன்றும் நோய்களுள் ஒன்றே சிரை அழற்சி. சிரையின் சுவர் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடும். கயிறு போலத் தடித்து வலிக்கும். பெரும்பாலும் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கும். தோலுக்கு அடுத்துள்ள சிரையில் இது தோன்றினால் துன்பம் மிகுதி, ஆபத்து குறைவு. தசைகளுக்கு நடுவே செல்லும் ஆழ்ந்த சிரையில் தோன்றினாலோ, வெளியில் தெரியும் அடையாளம் குறைவாகவும் உயிருக்கு நேரும் ஆபத்து மிகுதியாகவும் இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் கண்டறிவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றையும், அதில் நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத் நகருக்கு உள்ள பங்கினையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களில் கண் செல்வது இயல்பு. தமிழ்நாட்டில் ஊசி போடும் செவிலியர் முதல் ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டியார் வரை, கையில் நீலமாகத் தெரியும் சிரையை ‘நரம்பு’ என்றே குறிப்பிடுகின்றனர். ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’, ‘நரம்பு புடைத்தது’, ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்றெல்லாம் வழங்குகிறோம். மூளையிலிருந்து கட்டளையையும் உடம்பிலிருந்து உணர்ச்சியையும் ஏந்திச் செல்லும் உண்மையான நரம்புக்கும் அதே பெயர்தான். இங்குள்ள தெலுங்கு மக்களும் ‘நரம்’ என்ற ஒரே சொல்லை இரண்டிற்கும் ஆள்கின்றனர். இந்தியில் ‘நஸ்’ என்பதும் அவ்வாறே. ஆகவே, வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவர் மருத்துவரிடம் சென்று, அரைகுறை இந்தியில் ‘காலில் நஸ் வலிக்கிறது’ என்று கூறினால், அவர் நரம்பு வலியைச் சொல்கிறாரா, இரத்தக் குழாயின் வீக்கத்தைச் சொல்கிறாரா என்பது கேட்பவருக்கு விளங்காது. சொல் மயங்கினால் சிகிச்சையும் தாமதப்படும். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, சுடுகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது, எத்தனை நாளாயிற்று என்று அறிகுறிகளைத் தனித்தனியே கூறுவதே எம்மொழியிலும் பிழைபடாத வழி.

இனி வரலாற்றுக்கு வருவோம். சிரைகள் சுருண்டு புடைப்பதைப் பண்டைய மக்கள் நன்கு அறிந்திருந்தனர். உரோமாபுரியின் படைத்தலைவனான மாரியஸ் என்பவனுக்கு இரு கால்களிலும் சிரைகள் புடைத்திருந்தன. அவனைக் கட்டிலில் கட்டாமலேயே மருத்துவர் ஒரு காலை அறுத்துச் சிகிச்சை செய்தார். அவன் முனகவுமில்லை. ஆயினும் மற்றொரு காலை நீட்டச் சொன்னபோது, அடையும் பயன் படும் வேதனைக்கு ஈடாகாது என்று மறுத்துவிட்டான். கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் இச்செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை சிகிச்சை எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் சுசுருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல், உடலில் 700 சிரைகள் உள்ளன என்று கணக்கிட்டு, எவற்றைக் கீறலாம், எவற்றைத் தொடலாகாது என்று வகுத்துரைக்கிறது. அட்டை விடுதலுக்கென்றே அந்நூலில் ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. அட்டைகளில் நஞ்சுள்ளவை 6, நஞ்சற்றவை 6 என 12 வகைகளை அது கூறுகிறது. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் என வழங்கும் 32 முறைகளுள் அட்டைவிடலும் ஒன்று. வீங்கிச் சிவந்த இடத்தில் அட்டையை விட்டால் வீக்கம் வடிகிறது என்பது அனுபவத்தில் கண்ட முடிவு. காரணம் என்ன என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1884ஆம் ஆண்டில் ஜான் ஹேக்ராப்ட் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், அட்டையின் வாயிலிருந்து ஊறும் நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று உள்ளதைக் கண்டறிந்தார். பின்னர் அதற்கு ஹிருடின் என்று பெயர் சூட்டப்பட்டது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஒன்று அட்டையின் வாயில் பல நூற்றாண்டுகளாகவே இருந்து வந்தது. அதனை அடையாளம் கண்டு பிரித்தெடுக்கும் வேதியியல்தான் பிந்தி வந்தது.

ஐரோப்பாவில் அட்டையும் கீறலும் அளவு கடந்து போயின. எந்த நோயாயினும் இரத்தத்தை வடிப்பதே மருந்து என்ற கொள்கை அங்கு நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு நாடு 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து தருவித்தது என்றால் அந்த மோகத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் உடற்கூற்று அறிவு வளர்ந்து வந்தது. இத்தாலியில் பதுவா நகரப் பேராசிரியர் பப்ரீசியஸ் 1603ஆம் ஆண்டில் சிரைகளின் உட்கதவுகளைப் படங்களுடன் விளக்கி நூல் வெளியிட்டார். கதவுகளைக் கண்டாரேயன்றி அவற்றின் பயனை அவர் சரியாக உணரவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேயரே, ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு இருந்தால் இரத்தம் ஒருபக்கமே ஓடுதல் வேண்டும் என்று சிந்தித்து, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்ற பேருண்மையை 1628ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

சிரை அழற்சியைத் தனியொரு நோயாக வைத்து ஆராய்ந்த பெருமை, லண்டனில் வாழ்ந்த ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவரைச் சேரும். சிரையின் உட்சுவரில் தோன்றும் அழற்சியைப் பற்றி அவர் 1784ஆம் ஆண்டில் படித்த கட்டுரை 1793ஆம் ஆண்டில் அச்சேறியது. இரத்தம் வடிப்பதற்காக மருத்துவர் கீறிய காயத்திலிருந்தே அழற்சி தொடங்கிச் சிரை வழியே பரவுவதுண்டு என்று அவர் எடுத்துக்காட்டினார். நோயைத் தீர்ப்பதற்கெனக் கையாண்ட முறையே நோயை விளைவித்தது. இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். இன்றைய மருத்துவமனைகளில் நோயாளியின் கையில் சலைன் ஏற்றுவதற்காகச் செருகும் ஊசிக்குழாயும் இதே அழற்சியை விளைவிக்கக்கூடும். அவ்விடம் சிவந்து வலிக்குமாயின் உடனே செவிலியரிடம் கூறி, அதனை எடுத்து வேறிடத்தில் போடச் செய்தல் வேண்டும். இரண்டு நாள் பொறுத்துக்கொள்வோம் என்று இருப்பது நம்மவரிடம் உள்ள ஒரு பழக்கம், அப்பொறுமையால் பயனில்லை.

பெண்கள் இந்நோயால் பட்ட துன்பம் தனியே சொல்லத்தக்கது. பிள்ளை பெற்ற சில நாட்களில் தாயின் ஒரு கால் வெளுத்து, பளபளத்துத் தூண் போல வீங்கும். தாய்ப்பால் மார்புக்கு ஏறாமல் காலில் இறங்கிவிட்டது என்று ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். ‘பால்கால்’ என்று பொருள்படும் பெயரும் இட்டனர். மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் ஒயிட் 1784ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பால்தான் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. எனினும் இரத்தம் உறைந்து ஆழ்ந்த சிரை அடைபடுவதே காரணம் என்பது, இறந்த தாய்மார்களின் உடலை லண்டன் மருத்துவர் டேவிட் டேவிஸ் ஆராய்ந்த பின்னரே, 1823ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. வியன்னா நகர மகப்பேற்று மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார் காய்ச்சல் கண்டு கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்தனர். 1847ஆம் ஆண்டில் கோலெச்கா என்ற பேராசிரியர், பிணத்தை அறுத்தாராயும்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவருடைய உடலில் சிரை அழற்சி முதலாகக் காணப்பட்ட மாறுதல்கள், இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. அவருடைய நண்பரான செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதனைக் கொண்டே, மருத்துவர்களின் கழுவாத கைகளே நோயைச் சுமந்து செல்கின்றன என்று தெளிந்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தவுடன் சாவு குறைந்தது. ஒருவருடைய சிரையில் கண்ட அழற்சி, எண்ணற்ற தாய்மார்களின் உயிரைக் காக்கும் உண்மைக்கு வழிகாட்டியது.

சிரையில் உறைந்த கட்டி காலோடு நிற்பதில்லை என்பதை நிலைநாட்டியவர் ஜெர்மானியப் பேரறிஞர் ருடால்ப் விர்ஷோ. 1846ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக் காலம் அவர் செய்த ஆராய்ச்சிகள், காலின் சிரையில் உண்டான கட்டி பெயர்ந்து, இரத்த ஓட்டத்தோடு மிதந்து, இதயத்தைக் கடந்து நுரையீரலின் தமனியில் சென்று அடைத்துக்கொள்கிறது என்பதைக் காட்டின. நேற்று வரை கால் வலிக்கிறது என்றவர் இன்று மூச்சுத் திணறித் திடீரென மாண்டுபோவதன் மர்மம் அப்போதுதான் விளங்கிற்று. இரத்த ஓட்டம் தேங்குதல், குழாயின் சுவர் பழுதுபடுதல், இரத்தமே உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் கட்டி உண்டாவதற்குக் காரணங்கள் என்று இன்றும் மருத்துவ மாணவர் அவர் பெயரால் மனனம் செய்கின்றனர்.

காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. 1890ஆம் ஆண்டில் திரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், புடைத்த சிரையைத் தொடையில் கட்டிவிடும் முறையை வெளியிட்டார். நுரையீரலில் அடைத்த கட்டியை மார்பைத் திறந்து எடுக்கவும் அவர் 1908ஆம் ஆண்டில் முயன்றார், நோயாளிகள் பிழைக்கவில்லை. அவருடைய மாணவர் கிர்ஷ்னர் 1924ஆம் ஆண்டில் முதன்முறையாக வெற்றி கண்டார். ஆயின் அத்தகைய வெற்றி மிக அரிதாகவே கிட்டியது. பொதுவாக நோயாளியைப் படுக்கையில் கிடத்தி, காலை உயர்த்தி வைத்து, வாரக்கணக்கில் அசையாதிருக்கச் செய்து, இறைவன் மேல் பாரத்தைப் போடுவதே வழக்கமாக இருந்தது.

இந்த இடத்தில் ஐதராபாத் வரலாற்றில் இடம்பெறுகிறது. அறுவை சிகிச்சை பரவ வேண்டுமாயின் மயக்க மருந்து அச்சமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். குளோரோபாரம் இதயத்தை நிறுத்திக் கொல்கிறதா, மூச்சை நிறுத்திக் கொல்கிறதா என்ற பெரிய விவாதம் அன்று நடந்துகொண்டிருந்தது. ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்டு லாரி என்பவரின் முயற்சியால், நிஜாம் மகபூப் அலி கானின் பொருளுதவியுடன் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரண்டு குளோரோபாரம் ஆராய்ச்சிக் குழுக்கள் இந்நகரில் அமர்ந்தன. இரண்டாவது குழுவில் பங்குபெற லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் வந்தார். குளோரோபாரம் இதயத்தை நேரே தாக்குவதில்லை என்ற அக்குழுவின் முடிவு முற்றும் சரியன்று என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும் மூச்சைக் கண்காணித்து மயக்க மருந்து கொடுத்தல் வேண்டும் என்ற அறிவுரை பயன் தந்தது. அப்பள்ளியின் வழித்தோன்றலே இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரி.

அழற்சிக்கும் உறைவுக்கும் உண்மையான மருந்து, எவரும் தேடாத இடத்தில் கிடைத்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் ஹவெல் என்பவரின் ஆய்வகத்தில், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். உறையச் செய்வதைத் தேடியவருக்கு, நாயின் ஈரலிலிருந்து உறையவிடாத பொருள் ஒன்று கிடைத்தது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஹவெல் 1918ஆம் ஆண்டில் ஹெப்பாரின் என்ற பெயரை வழங்கினார். அதனை நஞ்சின்றித் தூய்மையாக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்டும் அவருடைய கூட்டாளிகளும் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் அதனை மாட்டின் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் பிரித்துத் தூய்மை செய்தனர். 1935ஆம் ஆண்டில் அது முதன்முதலாக அங்கு மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அதே காலத்தில் சுவீடனிலும் இப்பணி நடைபெற்றது. பிற்காலத்தில் பன்றியின் குடலே அதற்கு முதன்மையான மூலப்பொருளாயிற்று.

ஊசியால் செலுத்தும் மருந்து இவ்வாறு வந்தது. விழுங்கும் மருந்து மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள், சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் இறந்தன. 1933ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலக் குடியானவர் ஒருவர், இறந்த கன்றையும் உறையாத இரத்தம் நிறைந்த பால்பாத்திரம் ஒன்றையும் கொட்டும் பனியில் வண்டியிலேற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலறிஞர் அக்காரணப் பொருளைப் பல ஆண்டுகள் தேடிப் பிரித்தெடுத்தார். அதன் வழியே பிறந்ததுதான் வார்பாரின். 1948ஆம் ஆண்டில் எலி நஞ்சாகக் கடைக்கு வந்த அப்பொருள், 1954ஆம் ஆண்டில் மனிதருக்கும் மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் இதய நோய்க்கும் கொடுக்கப்பட்டது.

இம்மருந்துகள் உயிரைக் காக்கின்றனவா என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது, 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்களான பாரிட், ஜார்டன் இருவரும் வெளியிட்ட ஒரு சிறு ஆராய்ச்சி. நுரையீரலில் கட்டி அடைத்த 35 நோயாளிகளை அவர்கள் இரு பிரிவாக்கினர். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அக்கட்டியாலேயே இறந்தனர். மேலும் 5 பேருக்கு உயிர் போகாவிடினும் மீண்டும் கட்டி அடைத்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. மருந்து தராமல் ஒரு பிரிவினரை வைத்திருப்பது இனி அறமாகாது என்று கருதி, அத்துடன் அப்பிரிவினை நிறுத்திவிட்டனர்.

அயல்நாட்டில் மருந்து பிறந்தால் போதாது. நம் நாட்டு ஏழைக்கும் எட்டுதல் வேண்டும். இதற்கு ஐதராபாத் ஆற்றிய பணி பெரிது. 1953ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற பயாலஜிக்கல் நிறுவனம், ஈரல் சத்து மருந்தோடும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடும் தன் தொழிலைத் தொடங்கிற்று. நாடு விடுதலையடைந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1978ஆம் ஆண்டில் தோன்றிய கிளாண்ட் பார்மா நிறுவனம் ஹெப்பாரின் தயாரிப்பில் பெயர் பெற்றது. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் உறுப்புகளிலிருந்து எடுக்கும் மருந்தாகையால் தூய்மையில் சிறிதும் தவறலாகாது. 2008ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஹெப்பாரின் மூலப்பொருளில் மலிவான வேறொரு பொருள் கலக்கப்பட்டிருந்தமையால் பலர் உயிரிழந்தனர். மருந்தைச் செய்வது எவ்வளவு முக்கியமோ, அதனைச் சோதிப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

நான் வசிக்கும் தார்நாகா பகுதி இத்தகைய ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். தார் என்பது கம்பியையும் நாகா என்பது காவற்சாவடியையும் குறிக்கும். கம்பிவேலியிட்ட தோட்டத்தின் சாவடி இருந்தமையால் இப்பெயர் வந்தது என்று இங்குள்ள முதியோர் கூறுவர். 1944ஆம் ஆண்டில் நிஜாம் ஆட்சியில் தொடங்கிய ஆய்வுக்கூடம் ஒன்று, 1956ஆம் ஆண்டில் மத்திய அரசின் அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகத்தின்கீழ் வந்து, 1989ஆம் ஆண்டு முதல் இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயருடன் விளங்குகிறது. பல மருந்துகளைக் குறைந்த செலவில் செய்யும் முறைகளை அது நம் நாட்டுத் தொழிலகங்களுக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான மற்றொரு நிலையமும் தார்நாகாவில் உண்டு. நீலகிரிக் குன்னூரில் 1918ஆம் ஆண்டில் மக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் அறையில் தொடங்கிய உணவு ஆராய்ச்சி, வளர்ந்து பெருகி, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969ஆம் ஆண்டு முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைத் தாங்கியுள்ளது. நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து இங்கு வந்து வேரூன்றிய நிலையம் அது. சிரை நோய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே என்ற சத்து இன்றியமையாதது. வார்பாரின் மருந்து அச்சத்தின் வேலையைத் தடுத்தே பயன் தருகிறது. பச்சைக் கீரைகளில் அச்சத்து மிகுதி. ஆகவே வார்பாரின் உண்பவர் ஒரு வாரம் கீரையே தொடாமலும், மறுவாரம் நாள்தோறும் முருங்கைக்கீரையுமாக உண்டால், மருந்தின் வேகம் ஏறியிறங்கும். கீரையை விட்டுவிட வேண்டுவதில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டு வந்தால் போதும். நம் நாட்டு உணவுப் பொருள்களில் இச்சத்து எவ்வளவு என்பதை அளந்து, 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் இந்நிறுவனம் தந்திருக்கிறது. ஐரோப்பியரின் கோசுக்கிழங்குக் கணக்கை வைத்துக்கொண்டு நம் அரைக்கீரைக்கு அளவு சொல்ல வேண்டிய நிலை இதனால் நீங்கிற்று.

இந்நோய் பதவியையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை. 1974ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், இடது காலில் சிரை அழற்சியுடனேயே மத்திய கிழக்கு நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். ஆகஸ்டில் பதவி துறந்தபின் நோய் முற்றி, அக்டோபரில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதன் பின்னர் உள்ளே இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்தாகி மீண்டார். இரத்தத்தை உறையவிடாத மருந்து காக்கவும் செய்யும், அளவு தவறினால் இரத்தப் பெருக்கையும் விளைவிக்கும். அதனால்தான் வார்பாரின் உண்போர் குறித்த காலந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கு மற்றொரு வரலாற்றுச் செய்தியும் பயன்படும். 1940ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் மீது குண்டுவீச்சு நடந்தபோது, மக்கள் இரவு முழுதும் பாதுகாப்பிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடி உறங்கினர். குண்டு படாமலே பலர் நுரையீரலில் கட்டி அடைத்து இறந்ததை மருத்துவர் கீத் சிம்ப்சன் கண்டு வெளியிட்டார். நாற்காலியின் குறுக்குச் சட்டம் தொடையின் கீழே அழுத்தியதும், காலை மணிக்கணக்காகத் தொங்கவிட்டதும் காரணங்கள். நீண்ட விமானப் பயணத்திலும் பேருந்துப் பயணத்திலும் இதுவே சிறிய அளவில் நேரக்கூடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரவு முழுதும் உட்கார்ந்தபடியே ஊர் செல்லும் நாம், இரண்டொரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், இடமில்லையாயின் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், போதிய நீர் அருந்துவதும் நலம். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சி நீரே அருந்தாமல் வரும் பெண்மணிகள் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

இன்றைய சிகிச்சை எவ்வாறு அமைகிறது? கேளா ஒலியலைக் கருவியால் சிரையைப் படம்பிடித்து, கட்டி மேலே உள்ளதா, ஆழத்தில் உள்ளதா என்று முதலில் அறிகின்றனர். மேற்சிரையில் சிறிய அழற்சியாயின், வெந்நீர் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்தல், வலி நீக்கும் மருந்து, அழுத்தக் காலுறை ஆகியவையே பெரும்பாலும் போதும். ஆழ்சிரையில் கட்டியிருப்பின் ஹெப்பாரின் வகை ஊசியோ, வார்பாரினோ, 2008ஆம் ஆண்டுக்குப் பின் புழக்கத்திற்கு வந்த புதிய மாத்திரைகளோ சில மாதங்கள் தரப்படுகின்றன. கருவுற்ற பெண்களுக்கு வார்பாரின் சிசுவைப் பாதிக்கக்கூடுமாதலால், கருவை எட்டாத ஹெப்பாரினையே தேர்ந்தெடுக்கின்றனர். வாரக்கணக்கில் அசையாது படுத்திருத்தல் என்ற பழைய முறை மறைந்து, மருந்து தொடங்கியபின் மருத்துவர் சொற்படி நடமாடுதலே நல்லது என்ற கருத்து வலுப்பெற்றிருக்கிறது. சுருண்ட சிரைகளை லேசர் ஒளியாலும் மின் வெப்பத்தாலும் மூடிவிடும் முறைகள் கால் நூற்றாண்டாக வழங்குகின்றன. மாரியஸ் மறுத்த இரண்டாவது காலை இன்று ஒருவர் காலையில் காட்டி மாலையில் வீடு திரும்பலாம். அட்டையும் முற்றிலும் ஒதுக்கப்படவில்லை. துண்டான விரல் முதலியவற்றை ஒட்டவைக்கும் நுண்ணிய அறுவை சிகிச்சையில் பயன்படுத்த 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது.

இறுதியாக ஒன்று கூறுவேன். நம்மவருள் பலர் நின்றுகொண்டே உழைப்பவர்கள். உணவு விடுதிச் சமையற்காரர், துணிக்கடை ஊழியர், செவிலியர், ஆசிரியர் எனப் பலருக்கும் மாலையில் கால் கனப்பது வழக்கம். இரு கால்களும் சற்றே வீங்கி, உறங்கி எழுந்தால் வடிவது ஒருவகை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சுடுமாயின் அது வேறுவகை. அப்போது வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல். அன்பினால் செய்வதே எனினும், ஆழ்சிரையில் கட்டியிருந்தால் நீவுதல் அதனைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பக்கூடும். ஆகவே நீவ வேண்டாம். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளை பெற்ற தாய்மாரும், அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களும், நெடுநாள் படுத்திருந்தவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ளுதல் வேண்டும். மூச்சுத் திணறலும் மார்பு வலியும் சேர்ந்து வருமாயின் விடியும் வரை காத்திருத்தலும் தகாது. உறவினர் அருகில் இல்லாத ஊரில், மொழி முழுதும் கைவராத இடத்தில், நாளை பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திப்போடும் எண்ணம் எளிதில் தோன்றும். பிரிஸ்டல் நகரில் மருந்து பெறாதிருந்த அந்த 19 பேரை அவ்வேளையில் நினைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் காலத்தில் ஐயமாக இருந்தது இன்று தெளிவாகியுள்ளது. மருந்தும் இந்நகரிலேயே செய்யப்படுகிறது.